இருப்பது ஒரே இடம்: கிளப் மாறிக்கொண்டே இருக்கும் கோல்கீப்பர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு கால்பந்து சீசன் தொடங்கும்போதும் இதே பேச்சுதான். “இந்த ஆளு போன வருஷம் வேற டீம்ல இருந்தாரே? அதுக்கு முந்தின வருஷம் இன்னொண்ணு. எங்கயும் தாக்குப்பிடிக்க மாட்டாரா?” பேசப்படுபவர் பெரும்பாலும் கோல்கீப்பராகத்தான் இருப்பார். அப்படிக் கேட்பவர்களுக்காக இந்தப் பதில்கள். நடுநாயகமாக வைத்துக்கொள்வது இங்கிலாந்தின் ஜான் பர்ரிட்ஜை. இந்தப் பிழைப்பின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் பார்க்கலாம்.

கிளப் மாறிக்கொண்டே இருந்தால் ஆட்டம் சரியில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு அணியில் நடுக்களத்தில் மூன்று நான்கு பேர் ஆடலாம். ஒருவர் சரியில்லை என்றால் பாதி ஆட்டத்தில் மாற்றலாம், இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு நகர்த்தலாம். கோல்கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். அந்த இடத்தில் இருப்பவர் அடிபட்டாலோ, சிவப்பு அட்டை வாங்கினாலோ, தொடர்ந்து சொதப்பினாலோதான் அடுத்தவருக்கு வழி. நல்ல கீப்பர் ஒருவர் பத்து வருடம் நின்றுவிட்டால் அவருக்குப் பின்னால் இருப்பவரும் பத்து வருடம் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கப் பிடிக்காதவர் பெட்டியைக் கட்டுகிறார். அவ்வளவுதான் விஷயம். திறமை இல்லாதவர் இத்தனை கிளப்புக்குப் போகவும் முடியாது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு மேலாளர் நம்பிக் கூப்பிட்டால்தானே போக முடியும்?

யார் இந்த ஜான் பர்ரிட்ஜ்?

1951 டிசம்பர் 3 அன்று பிறந்தவர். வடமேற்கு இங்கிலாந்தில், வொர்க்கிங்டனை ஒட்டிய நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அந்த ஊர் கிளப்பிலேயே 1969ல் தொடங்கினார். வொர்க்கிங்டன் அப்போது இங்கிலாந்து லீக்கின் கடைசிப் படியில் இருந்த சின்ன கிளப். 1977ல் அதை லீக்கிலிருந்தே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் பர்ரிட்ஜ் நெடுந்தூரம் போயிருந்தார். 1971ல் பிளாக்பூல். போன கையோடு ஆங்கிலோ-இத்தாலியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், பொலோனாவின் சொந்த மைதானத்திலேயே அந்த அணியை 2-1 என்று வென்ற அணிக்கு அவர்தான் கீப்பர். 1975ல் ஆஸ்டன் வில்லா. அங்கே 1977 லீக் கோப்பை. எவர்ட்டனுடனான அந்த இறுதி ஆட்டம் முடிவே தெரியாமல் இழுத்தது. வெம்பிளியில் 0-0, ஷெஃபீல்டில் 1-1, மூன்றாவதாக ஓல்டு டிராஃபோர்டில் 3-2. பிறகு கிரிஸ்டல் பேலஸ், அங்கே 1979ல் இரண்டாம் டிவிஷன் பட்டம். பேலஸின் மேலாளர் டெரி வெனபிள்ஸ் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு மாறினார், பர்ரிட்ஜும் பின்னாலேயே போனார். அப்புறம் வுல்வ்ஸ், ஷெஃபீல்டு யுனைடெட், சவுத்தாம்ப்டன், நியூகாசில்.

முப்பத்தொன்பது வயதில் எல்லோரும் முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். எடின்பரோவின் ஹிபர்னியன் கிளப்பில் சேர்ந்தார். 1991 அக்டோபரில் ஸ்காட்லாந்து லீக் கோப்பை இறுதி. டன்ஃபெர்ம்லினை 2-0 என்று வென்றார்கள், பர்ரிட்ஜ் ஒரு கோலும் விடவில்லை.

மொத்தத்தில் 29 கிளப்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டிலும் சேர்த்து எழுநூறைத் தாண்டிய லீக் ஆட்டங்கள். இங்கிலாந்து தேசிய அணிக்கு ஒரு ஆட்டம்கூட இல்லை. அவருடைய காலம் பீட்டர் ஷில்டன், ரே கிளெமன்ஸ் இருவருடைய காலம். அங்கேயும் ஒரே இடம்தான், அதற்கே இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆள் கொஞ்சம் கிறுக்கு என்கிறார்களே?

கிறுக்கு என்று சொல்ல மாட்டேன். வெறி என்று சொல்லலாம். ராத்திரி கையுறையைப் போட்டுக்கொண்டே, பந்தை அணைத்தபடி தூங்குவார். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஆரஞ்சுப் பழத்தைத் தன்மேல் எறியும்படி மனைவியிடம் சொல்லிவைத்திருந்தார். ரிஃப்ளெக்ஸ் மழுங்கக் கூடாதாம். ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் கைகளால் நடப்பார், குட்டிக்கரணம் போடுவார். ரசிகர்கள் அதைப் பார்க்கவே சீக்கிரம் வருவார்கள். அந்தக் காலத்தில் கீப்பர்கள் ஆட்டத்துக்கு முன் நாலு பந்தைப் பிடித்துவிட்டு நிற்பதோடு சரி. முறையான வார்ம்-அப் என்பதைக் கொண்டுவந்தவர்களில் இவரும் ஒருவர். இவருடைய செல்லப்பெயர் ‘பட்ஜி’.

29 கிளப் எப்படி முடிந்தது? இன்றைக்கு அப்படி முடியுமா?

கஷ்டம். பர்ரிட்ஜ் ஆடிய காலத்தில் இங்கிலாந்தில் சீசன் நடுவிலும் ஆள் மாறலாம், மார்ச் இறுதி வரை தடையில்லை. நவம்பரில் ஒரு கிளப்பின் கீப்பருக்கு விரல் உடைந்தால் அன்றே போன் பண்ணுவார்கள், சனிக்கிழமை ஆள் அங்கே நிற்பார். தொண்ணூறுகளின் நடுவில் அவருடைய பட்டியலைப் பாருங்கள்: ஸ்கார்பரோ, லிங்கன், அபர்டீன், டம்பார்ட்டன், ஃபால்கர்க், மான்செஸ்டர் சிட்டி, டார்லிங்டன். பலவற்றில் சில வாரங்கள்தான்.

2002 வாக்கில் கோடையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று என்று இரண்டே மாற்றக் காலங்கள் வந்துவிட்டன. ஃபிஃபா விதிப்படி ஒரு சீசனில் ஒருவர் மூன்று கிளப்பில் பதிவு செய்யலாம், ஆனால் இரண்டுக்குத்தான் ஆடலாம். இதிலும் கீப்பருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களில் ஒரு கிளப்புக்கு ஆடத் தகுதியான கீப்பரே இல்லாமல் போனால், மாற்றக் காலம் மூடியிருந்தாலும் வேறு கிளப்பிலிருந்து ஏழு நாளுக்கு அவசர லோனில், அதாவது இரவலாக, ஒருவரை எடுக்கலாம். வேறு எந்த இடத்து ஆட்டக்காரருக்கும் இந்த வாய்ப்பு இல்லை.

இன்னொரு பக்கம், 1995 டிசம்பரில் வந்த போஸ்மான் தீர்ப்பு இந்த மாதிரி ஆட்களுக்குப் பெரிய வரம். அதற்கு முன்பெல்லாம் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் பணம் கேட்கலாம். இப்போது ஒப்பந்தம் முடிந்தால் கையை வீசிக்கொண்டு போகலாம். பர்ரிட்ஜுக்கு அது கிடைத்தபோது வயது நாற்பத்து நான்கு!

43 வயதில் பிரீமியர் லீக்கில் ஆடினார் என்பது உண்மையா?

உண்மை. 1994-95 சீசன் கடைசியில் மான்செஸ்டர் சிட்டி மாற்று கீப்பராக அவரைச் சேர்த்தது. ஏப்ரல் 29ஆம் தேதி நியூகாசிலுடன் ஆட்டம். சிட்டியின் டோனி கோட்டனுக்கு அடிபட, இடைவேளைக்குப் பிறகு பர்ரிட்ஜ் இறங்கினார். இதில் வேடிக்கை, அப்போது அவர் நியூகாசிலில் கோல்கீப்பர் பயிற்சியாளராகவும் இருந்தார். வாரம் முழுக்கப் பயிற்சி தந்த இடத்துக்கு எதிராகவே நின்று, கோல் விடாமல் 0-0 என்று முடித்துக்கொடுத்தார். மே 14ஆம் தேதி, தன் பழைய கிளப்பான குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராகக் கடைசி ஆட்டம். அன்று அவருக்கு 43 வயது 162 நாள். பிரீமியர் லீக்கில் ஆடிய மிக மூத்தவர் என்ற பெயர் அவருக்கு வந்தது அப்படித்தான்.

எனக்கு இதில் வியப்பு வயது மட்டுமல்ல. 1992ல் பேக்-பாஸ் விதி வந்தது. சக ஆட்டக்காரர் காலால் தரும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. இருபது வருடத்துக்கு மேல் கையால் எடுத்துப் பழகியவர், நாற்பது வயதில் காலால் ஆடக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஆடாமலே சம்பளம் வாங்கும் மூன்றாவது கீப்பர் எதற்கு? வெட்டிச் செலவுதானே?

2006 அக்டோபர் 14, ரெடிங் மைதானம். ஆட்டம் தொடங்கிய நொடிகளிலேயே செல்சியின் பீட்டர் செக் தலையில் எதிரணிக்காரரின் முழங்கால் பட்டு மண்டையோடு உடைந்தது. பதிலுக்கு வந்த கார்லோ குடிச்சினியும் கடைசி நேரத்தில் மோதி நினைவிழந்தார். மாற்று ஆள் இல்லை. தடுப்பாட்டக்காரர் ஜான் டெரி கீப்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு மீதி நிமிடங்களைத் தள்ளினார். நான்கே நாள் கழித்து சாம்பியன்ஸ் லீக்கில் பார்சிலோனா வருகிறது. செல்சிக்காக முதல்முறையாகக் களம் இறங்கியவர் ஹிலாரியோ. போர்ச்சுகல்காரர், அந்தக் கோடையில்தான் மூன்றாவது கீப்பராக எடுத்திருந்தார்கள். செல்சி 1-0. பிறகு எட்டு வருடம் அங்கே இருந்தார், லீக்கில் ஆடியது ஏறக்குறைய இருபது ஆட்டம். வெட்டிச் செலவா என்று செல்சி ரசிகரைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பிரீமியர் லீக்கின் 25 பேர் பட்டியலில், உள்ளூரில் வளர்ந்தவர்கள் என்ற கணக்கில் வராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்க முடியாது. அந்த உள்ளூர் இடத்தில் ஒன்றை அனுபவமுள்ள ஆங்கிலேயக் கீப்பருக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மான்செஸ்டர் சிட்டியில் ரிச்சர்ட் ரைட் நான்கு சீசன் இருந்தார். போட்டி ஆட்டம் ஒன்றுகூட இல்லை.

அவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். மைதானத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போனால் தெரியும். முதல் கீப்பரின் கை சூடாகும் வரை இரண்டாமவர் பந்தை அடித்துக்கொண்டே இருப்பார். ஒரே உயரம், ஒரே வேகம், மாற்றி மாற்றி இடமும் வலமும். தன் இடத்தில் நிற்பவரை ஆட்டத்துக்குத் தயார்படுத்துவதே இவர் வேலை. இதை முகம் சுளிக்காமல் செய்யத் தனி மனசு வேண்டும்.

ஒரு தப்பு நடந்தால் அவ்வளவுதான், வாழ்க்கை முடிந்தது என்கிறார்களே?

ஸ்காட் கார்சன் கதையைச் சொல்கிறேன். 2007 நவம்பர் 21, வெம்பிளி, மழை. குரோஷியாவுடன் தோற்காமல் இருந்தாலே போதும், இங்கிலாந்து யூரோ 2008க்குப் போய்விடும். கார்சனுக்கு வயது 22, தேசிய அணிக்காக முதல் தகுதிச்சுற்று ஆட்டம். எட்டாவது நிமிடத்தில் நிகோ கிராஞ்சார் தூரத்திலிருந்து ஒரு பந்தை அடித்தார். முன்னால் குத்தி எழும்பி, கார்சனின் கையில் பட்டு உள்ளே போய்விட்டது. இங்கிலாந்து 2-3 என்று தோற்றது, மறுநாளே மேலாளர் ஸ்டீவ் மெக்லாரனின் வேலை போனது. பந்து பிடிக்கத் தெரியாதவன் என்று பத்திரிகைகள் வறுத்தெடுத்தன.

அதற்குப் பிறகு அவர் போன இடங்கள்: வெஸ்ட் பிராம், துருக்கியின் பர்சாஸ்போர், விகன், டார்பி கவுன்ட்டி. 2019ல் லோனில் மான்செஸ்டர் சிட்டி, மூன்றாவது கீப்பர். 2021 மே மாதம் நியூகாசிலுக்கு எதிராக இறங்கினார். ஏறக்குறைய பத்து வருடம் கழித்து ஒரு பிரீமியர் லீக் ஆட்டம். ஜோ வில்லக்கின் பெனால்டியைத் தடுத்தார், திரும்பி வந்த பந்தை வில்லக்கே உள்ளே தள்ளிவிட்டார் (கீப்பர் பிழைப்பு இதுதான்). சிட்டி 4-3 என்று வென்றது. 2022 மார்ச்சில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு எதிராகக் கடைசி கால் மணி நேரம், சாம்பியன்ஸ் லீக்கில்.

2005ல் இஸ்தான்புல்லில் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது பெஞ்சில் இருந்த பத்தொன்பது வயதுப் பையனும் இவர்தான். 2023ல் சிட்டி அதே இஸ்தான்புல்லில் வென்றபோதும் அணியில் இருந்தார். இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் பந்தைத் தொடவில்லை. முடிந்துபோன வாழ்க்கையாகவா தெரிகிறது?

புது கிளப்புக்கு வந்த கீப்பர் முதல் வாரத்தில் என்ன செய்வார்?

முன்னால் நிற்கும் நான்கு தடுப்பாட்டக்காரர்களின் பழக்கத்தைப் படிப்பார். யார் பந்தைத் திருப்பித் தருவார், யார் அவசரத்தில் வெளியே அடிப்பார், உயரமான பந்துக்கு யார் தலையைக் கொடுப்பார். கார்னர் வரும்போது கிட்டக் கம்பத்தில் ஆள் வேண்டுமா வேண்டாமா என்று அன்றைக்கே பேசி முடிவு செய்ய வேண்டும். கிராஸ் வருகிறது, கீப்பர் வெளியே வருகிறார், தடுப்பாட்டக்காரரும் எகிறுகிறார் என்றால் இருவருமே பந்தைத் தவறவிடுவார்கள். அதனால் குரல் முக்கியம். துருக்கிக்கோ நார்வேக்கோ போனவர் சாப்பாடு கேட்கக் கற்பதற்கு முன்பே “விடு, எனக்கு!”, “ஆள் பின்னாடி!”, “ஏறுங்க!” இந்த மூன்றையும் அந்த ஊர்ப் பேச்சில் கற்றுக்கொள்வார்.

பிறகு தரை. புல் ஈரமா, பந்து வழுக்குமா, மாலை வெயில் எந்தக் கோல் பக்கம் கண்ணில் அடிக்கும்? கையுறை விஷயமும் உண்டு. உள்ளங்கையில் இருக்கும் லேடெக்ஸ் காய்ந்து கிடந்தால் பிடிமானம் குறையும். அதனால்தான் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில், அடிக்கடி நனைத்துக்கொள்வது. நன்றாகப் பிடிக்கும் மென்மையான லேடெக்ஸ் சீக்கிரம் தேயவும் செய்யும். வசதியான கிளப்பில் புது ஜோடி வந்துகொண்டே இருக்கும், சின்ன கிளப்பில் ஆட்டத்துக்கு ஒன்று, பயிற்சிக்குக் கிழிந்த பழசு.

உலகம் முழுக்கச் சுற்றிய கீப்பர் யாராவது உண்டா?

லுட்ஸ் ஃபானன்ஸ்டீல். 1973ல் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்தவர். இருபது வயது வாக்கில் மலேசியாவின் பினாங்கு, பிறகு இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, பின்லாந்து, சிங்கப்பூர், நியூசிலாந்து, நார்வே, கனடா, அல்பேனியா என்று போய், 2008ல் பிரேசிலில் ஆடியதோடு ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையில் ஆடிய முதல் ஆள் ஆனார்.

கேட்க ஜாலியாக இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் கேலாங் யுனைடெட்டுக்கு ஆடியபோது ஆட்டத்தை விலைபேசிய வழக்கில் தண்டனை பெற்று 101 நாள் சிறையில் இருந்தார். தான் குற்றமற்றவர் என்றே இன்றுவரை சொல்கிறார். 2002 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூ கிளப்புக்கு ஆடும்போது எதிரணி ஸ்ட்ரைக்கரின் முழங்கால் நெஞ்சில் மோதி, மைதானத்திலேயே மூச்சு நின்றது. உயிர்ப்பித்துக் கொண்டுபோனார்கள். பிழைத்து மறுபடியும் கையுறையை மாட்டினார். பிறகு ஜெர்மனியில் ஃபோர்ச்சுனா டுசல்டார்ஃப், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் சிட்டி கிளப்களில் விளையாட்டு இயக்குநராக ஆனார். இத்தனை நாட்டு ஆட்டக்காரர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலை பொருத்தம்தான்.

சம்பளம் எப்படி?

பெரிய கிளப்பின் மூன்றாவது கீப்பர் சின்ன கிளப்பின் முதல் கீப்பரைவிடப் பல மடங்கு வாங்குவார். கீழ் டிவிஷனில் வாரச் சம்பளம், ஆடினால் ஒரு தொகை, ஜெயித்தால் ஒரு தொகை, சில ஒப்பந்தங்களில் கோல் விடாத ஆட்டத்துக்குத் தனித் தொகை. ஒரு வருட ஒப்பந்தம்தான் அதிகம். இங்கிலாந்தில் ஜூன் 30 வந்தால் முடிந்தது, ஜூலையில் வீட்டு வாடகைக்கு வழி தேட வேண்டும். குடும்பத்தைக் கூடவே கூட்டிப்போவதா, ஒரே ஊரில் விட்டுவிட்டுத் தான் மட்டும் அலைவதா என்பதுதான் இவர்கள் வீட்டில் நடக்கும் பெரிய சண்டை.

இந்தியாவில் இப்படி உண்டா?

தாராளமாக. 2021 கோடையில் நடந்ததைப் பாருங்கள். மும்பை சிட்டியின் அம்ரிந்தர் சிங்கை ஏடிகே மோகன் பகான் எடுத்தது. அங்கே இருந்த அரிந்தம் பட்டாச்சார்யா அப்போதுதான் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடரின் சிறந்த கீப்பருக்கான தங்கக் கையுறை விருது வாங்கியிருந்தார். விருது வாங்கியும் இடம் போய், ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். ஈஸ்ட் பெங்காலில் இருந்த தேப்ஜித் மஜும்தார் சென்னையின் எஃப்சிக்கு வந்தார். அடுத்த வருடம் சென்னையிலிருந்து விஷால் கைத் ஏடிகே மோகன் பகானுக்குப் போனார், அம்ரிந்தர் ஒடிசாவுக்கு நகர்ந்தார். கல்யாண வீட்டில் குழந்தைகள் ஆடும் இசை நாற்காலி மாதிரி, ஒருவர் எழுந்தால் வரிசையாக எல்லோரும் எழ வேண்டும். ஆனால் மோகன் பகானுக்குப் போன முதல் சீசனிலேயே விஷால் கைத் தங்கக் கையுறை வாங்கினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை ரசிகர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான்.

வெளியிலிருந்து வந்தவர்களில் டேவிட் ஜேம்ஸ். வாட்ஃபோர்டு, லிவர்பூல், வில்லா, வெஸ்ட் ஹாம், மான்செஸ்டர் சிட்டி, போர்ட்ஸ்மவுத், பிரிஸ்டல் சிட்டி, போர்ன்மவுத், ஐஸ்லாந்தில் ஒரு கிளப் என்று சுற்றிவிட்டு, 2014ல் 44 வயதில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு ஆட்டக்காரரும் மேலாளருமாக வந்தார். அரையிறுதியில் நம்ம சென்னையின் அணியைத்தான் மொத்தக் கணக்கில் 4-3 என்று வெளியேற்றினார்கள். நேரு ஸ்டேடியத்தில் கூடுதல் நேரத்தின் கடைசியில் ஸ்டீபன் பியர்சன் அடித்த அந்த கோல் இன்னும் வலிக்கிறது, விடுங்கள்.

ஆட்டத்தை நிறுத்திய பிறகு இவர்கள் என்ன ஆகிறார்கள்?

எல்லோருக்கும் நல்லபடியாக அமைவதில்லை. முப்பது வருடம் சனிக்கிழமைக்காகவே வாழ்ந்த பர்ரிட்ஜ், ஆட்டம் நின்றதும் மனச்சோர்வில் விழுந்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போய், மனநல மருத்துவமனையில் சேர்ந்து மீண்டவர். இதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சொன்னது நல்லது. அடுத்த கிளப் எது என்ற கேள்வியிலேயே ஓடியவருக்கு, அடுத்தது எதுவும் இல்லை என்ற நாள்தான் தாங்க முடியாததாக இருந்திருக்கிறது.

மீண்டு எழுந்து ஓமன் தேசிய அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளராகப் போனார். அங்கே மஸ்கட் விமான நிலையத்தில் தீயணைப்பு வேலை பார்த்துக்கொண்டு கீழ் டிவிஷனில் ஆடிய ஒரு பையன் கண்ணில் பட்டான். அலி அல்-ஹப்ஸி. பர்ரிட்ஜ் தேய்த்து மெருகேற்றினார், ஐரோப்பாவில் தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். 2003ல் நார்வேயின் லின் கிளப், அடுத்த வருடமே அங்கே சிறந்த கீப்பர் விருது. 2006 ஜனவரியில் போல்ட்டன், பிறகு விகன். பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் ஓமன்காரர். 29 கிளப் சுற்றிய ஆளுக்கு எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்று தெரிந்திருந்தது.

என் பையன் கோல்கீப்பராகத்தான் ஆவேன் என்கிறான். விடலாமா?

விடுங்கள். உயரத்தைப் பார்த்துச் சின்ன வயதிலேயே ஒதுக்க வேண்டாம், வளர்வான். காலால் பந்தைக் கொடுக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள், இப்போது பயிற்சியாளர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். பந்தோடு எட்டு நொடிக்கு மேல் நின்றால் எதிரணிக்குக் கார்னர் என்ற விதியும் 2025ல் வந்துவிட்டது, அதனால் சட்டென்று முடிவெடுக்கப் பழகட்டும். படிப்பை விட வேண்டாம். இருபத்தைந்தைத் தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தால் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏஎஃப்சியின் கோல்கீப்பர் பயிற்சியாளர் படிப்பின் முதல் நிலையை அப்போதே முடித்துவைக்கச் சொல்லுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சீசன்கள் வரும், அந்த நேரத்துக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.